சுற்றளவு 98

ஜூன் 3
இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்கிறது. டெஸ்டோஸ்டிரோன் 268. பொழுது ஏற ஏற அளவு தானாகவே இறங்கும் என்பதால் காலை எட்டு மணிக்கே ரத்தம் எடுத்தார்கள். 300க்குக் கீழே போனால் குறைவு. கூடவே டிரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு 36, வயிற்றுச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90தான் எல்லை. ஐந்து அளவுகளில் மூன்று கெட்டால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். எனக்கு மூன்று கெட்டிருக்கிறது.

"எது முதல்ல வந்தது டாக்டர்?"

"ஒண்ணை ஒண்ணு வளர்க்குது சார்." வயிற்றுக் கொழுப்பிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஹார்மோன் குறையக் குறையத் தசை கரைந்து கொழுப்பு கூடுகிறது. கேட்டதும் மனசு லேசானது. அசதி, எதிலும் நாட்டமின்மை, வயசாகிவிட்டது என்று ஒதுக்கிய எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

ஜூன் 8
நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஊசிக்குப் பலன் உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஆயிரம் பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் இருந்தது. அதோடு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டவர்களில் இரண்டாண்டு முடிவில் சர்க்கரை நோய் 12 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 21. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது. விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் இளைஞனிடம் இதைச் சொல்லாமல் ஊசி போடுவது பெரிய துரோகம்.

சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. உணவு மாற்றமும் நடையுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் சேர்த்தும் அதற்கு மேல் குறையவில்லை. முதலில் உடம்பை அசைத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 6
நாகேஸ்வரராவ் பூங்காவில் சுற்றிச் சுற்றி நடக்கும் ஆண்களைப் பார்க்கிறேன். ஒருவரும் எடை தூக்குவதாகத் தெரியவில்லை. வாரம் 150 நிமிட வேகநடையோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். வேலை செய்யும் தசை இன்சுலின் துணையில்லாமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. தொடையில்தான் பெரிய தசைகள் இருக்கின்றன; அதனால் நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதில் தொடங்கினேன். பிறகு ரப்பர் பட்டை, டம்பெல்ஸ்.

"மூச்சை அடக்காதீங்க சார், தூக்கும்போது வெளிய விடுங்க," என்கிறான் பயிற்சி தரும் தம்பி. அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் கால்மணி நேரம் நடக்கிறேன்.

செப்டம்பர் 14
சுற்றளவு 94. டெஸ்டோஸ்டிரோன் 305. ஏற்றம் சொற்பம்தான். பயிற்சி மட்டுமே ஹார்மோனைப் பெரிதாக ஏற்றாது, எடை குறைந்தால்தான் ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் 25 கிலோ அரிசி மூட்டையை இரண்டு மாடி ஏற்றினேன், மூச்சு இரைக்கவில்லை. மதியத் தூக்கமும் போயிற்று. இன்னும் நான்கு சென்டிமீட்டர் இருக்கிறது. அடுத்த பரிசோதனை டிசம்பரில். மழை தொடங்கினால் பூங்கா சேறாகிவிடும். மொட்டை மாடிக் கொட்டகையில் நடக்க இடம் ஒழித்துவைக்க வேண்டும்.