ஈரம் உலருமுன்

ஓவியக் கல்லூரியில் தம்மோடு பயின்ற ஒருவர், மாமல்லபுரத்துக் கரையில் கோடைதோறும் அமர்ந்து தபால் அட்டையளவு நீர்வண்ணச் சித்திரங்கள் தீட்டி ஜீவனம் நடத்துகிறார் என்று நண்பர் சொன்னதன்பேரில், கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு விடியற்காலையில் அவரைத் தேடிச் சென்றேன். கடற்கோயிலுக்கு வடக்கே, மீனவர்கள் படகுகளை ஏற்றி நிறுத்தும் மணற்பரப்பில், தலையில் துண்டும் மடியில் பலகையுமாக அவர் ஏற்கெனவே வேலையில் ஆழ்ந்திருந்தார்.

கீழைக்கடலில் சூரியன் சமுத்திரத்திலிருந்தே எழுவதால், அந்த முதல் நாழிகைகளில் படகுகள் ஒளிக்கு எதிரே கருத்து, உருவம் தெளிந்து நிற்கின்றன. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உச்சியை நோக்கி ஏற, நிழல்கள் சுருங்கி, காட்சியின் ஆழமே மறைந்துவிடுகிறது. ஆகவே இத்தொழிலில் பொழுதுதான் முதல் மூலதனம்.

“வெயில் ஏறினா தாள் தண்ணிய குடிச்சிடும் சார். பிரஷ் அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள இந்தக் கோடி காஞ்சிரும், அப்புறம் வானத்துல கோடு விழுந்துடும்” என்றார். அதனால்தான் தாளின் இரு புறத்தையும் முன்னதாக நனைத்து, வானத்துக்கு வேண்டிய நீலத்தை ஒரே தடவையில் கரைத்து வைத்துக்கொள்கிறார். கடல் காலடியில் கிடந்தும் அந்த நீரைத் தொடுவதில்லை. உப்பு வண்ணத்தில் புள்ளி புள்ளியாகத் திட்டு விழச் செய்யும் என்று, வீட்டிலிருந்தே குடிதண்ணீர் கொண்டுவருகிறார்.

அவர் கையிலிருந்த அணில்மயிர்த் தூரிகை என் கண்ணைக் கவர்ந்தது. அதன் வயிறு நிறைய நீர் தாங்குகிறது. நுனியோ ஊசியாய்க் கூர்ந்து நிற்கிறது. வானம் முழுவதையும் அதனாலேயே பரப்பியவர், அதன் நுனியாலேயே ஒரு படகின் அணியத்தையும் வரைந்தார். அலைநுரைக்கு அவர் வெள்ளை வண்ணம் பூசவே இல்லை. அந்த இடத்தில் தூரிகை படாமல் விலக்கி, தாளின் வெண்மையையே நுரையாக்கிவிட்டார். தொடாமல் விடும் இடத்தை அறிவதற்கு எத்தனை வருஷத்து அப்பியாசம் வேண்டும்!

இவ்வளவு பிரயாசைக்கும் கிடைக்கும் பலன் என்ன? கடைக்காரர் சொற்ப விலைக்கு வாங்கி, சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, அதைப்போல் பன்மடங்குக்கு விற்கிறார். வாங்குபவருக்குச் சித்திரக்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லை. கடைக்கு வாடகை உண்டு, காத்திருக்கும் பணத்துக்கு வட்டி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் அமர்ந்தவனுக்குக் கடைசிப் பங்கும் நிழலில் அமர்ந்தவனுக்கு முதற்பங்கும் என்பது எந்த தர்மம்?

இந்த அநீதிக்குப் பரிகாரம் இதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அங்குக் குடியேறிய கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்று வயிற்றைக் காத்துக்கொண்டு, தங்கள் சித்திரங்களைச் சந்தையின் இஷ்டத்துக்கு வளைக்காமல் காப்பாற்றினார்கள். தனித்து நிற்பவன் விலை கேட்கிறான்; சேர்ந்து நிற்பவர்கள் விலை சொல்கிறார்கள்.

கரையில் தீட்டுவோருக்கும் அப்படியொரு சங்கம் அமையும்வரை நம்மால் ஆவது ஒன்று உண்டு. மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள் விடியற்காலையில் கரைக்குப் போய், தீட்டுகிறவர் கையிலிருந்தே படத்தை வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், அவர் பெயரைக் கேட்டுப் படத்தின் பின்னே எழுதச் சொல்லுங்கள்.