கெமிஸ்ட்ரிக்கு ஒரு டீச்சர்

பிளஸ் டூ அரையாண்டில் பேத்திக்குக் கெமிஸ்ட்ரியில் 70க்கு 19. டியூஷன் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பார்த்த சென்டரில் ஒரே ஹாலில் 60 பிள்ளைகள். முழு ஃபீஸையும் முன்னாலேயே கேட்டார்கள். இவள் பெயரைக் கேட்கவில்லை.

அடுத்து, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். "சோடியம் ஏம்மா எலக்ட்ரானை விட்டுக்கொடுக்குது?" என்றார். பேத்தி விழித்தாள்.

"ஒன்பதாவதுலயே விட்டுப்போச்சு சார். அங்கேருந்துதான் தொடங்கணும். பப்ளிக்குக்குள்ள எல்லாப் பாடமும் முடியாது, பரவாயில்லையா?"

மகனுக்குப் பிடிக்கவில்லை. நான் சரியென்று சொல்லிவிட்டேன், பயந்துகொண்டேதான்.

போன வாரம் சமையலறையில் பேத்தியின் குரல்: "பாட்டி, சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும். ரசத்துல உப்புப் போட்டா ஏன் பிடிக்கல? அந்த எலக்ட்ரானைத்தான் ஏற்கெனவே குளோரினுக்குக் குடுத்துடுச்சே!"

பரீட்சைக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது.