கொசுவின் சிறகை அளப்பவர்கள்

கொசுவின் உடலளவை ஆராய்வதற்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்றால் பலர் சிரிக்கிறார்கள். யானைக்கால் வியாதியால் பெரியம்மா திண்ணையோடு முடங்கியதைப் பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு லவெரானைத்தான் சொல்லித் தந்தார்கள். 1880-ல் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். அதைக் கொசு சுமக்கிறது என்று 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் காட்டியது, நான் வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். (அவரவர் ஊர்க்காரர் அவரவருக்குப் பெரிசு!)

கொசுவின் அளவை அறிய வழக்கமாகச் சிறகின் நீளத்தை அளப்பார்கள். புழுவாக இருக்கும்போது தீனி குறைந்தாலோ, நெரிசல் கூடினாலோ, தண்ணீர் சூடானாலோ கொசு சிறுத்துவிடும். ஒரே மாதிரித் தட்டில், ஒரே தீனியில் வளர்த்தும் சில தாய்களின் வாரிசுகள் மட்டும் பெரிதாகவே வந்தால், அது பரம்பரையின் பங்கு.

பெரிய பெண் கொசு அதிக முட்டையிடும். ஆண் விஷயம்தான் சுவாரஸ்யம். அனாபிலஸ் ஆண்கள் அந்தியில் கூட்டமாகச் சுற்றிப் பறக்க, பெண் உள்ளே நுழைந்து ஜோடி சேர்கிறது. பெரிய உடம்புக்காரன்தான் ஜெயிப்பான் என்று நினைப்போம். ஆப்பிரிக்க அனாபிலஸில் நடுத்தர ஆண்களே முந்தியதாகவும் ஆய்வு உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் ஜோடியோ பறந்தபடியே தங்கள் ரீங்காரத்தைச் சுருதி சேர்த்துக்கொள்கிறது.

இதெல்லாம் எதற்கு? பெண் கொசு பெரும்பாலும் ஆயுளில் ஒருமுறைதான் சேரும். மலடாக்கிய ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. ஆனால் அரைவயிற்றில் வளர்த்த நோஞ்சான் ஆண்களை எத்தனை லட்சம் விட்டாலும், உள்ளூர் ஆண்கள் முந்திக்கொள்வார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1969-ல் டெல்லியில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் கொசுக்கள் பறந்து வந்தது ஒரு தலைவலி. அதைவிடப் பெரியது, இது கிருமி யுத்த ஒத்திகை என்று கிளம்பிய சந்தேகம். 1975-ல் சோனிபத்தில் கொசுவை விடும் திட்டம் நின்றே போனது. நாற்பது வருஷம் சுற்றறிக்கை எழுதிய குமாஸ்தா சொல்கிறேன், ஊர் ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அதே 1975-ல்தான் எங்கள் புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் வந்தது. டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாகியா பாக்டீரியா கொண்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அங்கிருந்து அறிவிப்பு வந்தது. என்றைக்காவது எங்கள் தெருவில் அவற்றைத் திறந்துவிட வந்தால், நான் கேட்கப்போகும் முதல் கேள்வி: "ஐயா, இதுகளுக்கு வயிறாரத் தீனி போட்டீங்களா?"