நடை சாத்தும் நேரம்

வீட்டிலிருந்தபடியே அலுவல் பார்ப்பது 2020 மார்ச் மாத ஊரடங்கோடு வந்த புதுமை என்று பலரும் எண்ணுகின்றனர். கோவில்பட்டிக்கு அது பழைய செய்தி. பருத்தியும் உளுந்தும் கம்பும் வானம் பார்த்து விளையும் கரிசல் பூமி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களைக் காத்தது தீப்பெட்டித் தொழிலே. 1923-இல் சிவகாசியில் வேரூன்றிய அத்தொழிலுக்கு இந்த வறண்ட காற்றும் வெயிலும் துணை நின்றன. மருந்து முக்கும் வேலை ஆலையில் நடக்கும். பெட்டி ஒட்டும் வேலை வீடு தேடி வரும். 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோசுக்கு இவ்வளவு என்று கூலி.

அவ்வாறு பெட்டி ஒட்டிய ஒரு மூதாட்டியின் பேத்தி, பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள். தந்தை மறைந்தபின் தாய் ஊரில் தனியே இருக்கிறார். கண்பார்வையும் மங்கி வருகிறது. ஊரிலிருந்தே பணியாற்ற விருப்பமா என்று நிறுவனம் கேட்டபோது, “நீ பக்கத்துல இருந்தாப் போதும் தாயி” என்றார் தாய். மகள் உடனே இசையவில்லை. பெற்றவளைப் பார்க்க இவ்வளவு யோசனையா என்று உறவினர் சிலர் குறைப்பட்டனர்.

அவள் தயக்கத்துக்குக் காரணம் ஆச்சியின் வாழ்க்கை. உலை கொதிக்கும் வேளையிலும் ஆச்சியின் கைகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் பசைக் கிண்ணத்தின்முன் அமர்ந்தனர். வேலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. விடுப்போ வருங்கால வைப்பு நிதியோ அவர் கண்டதில்லை. இத்தனைக்கும் பிறகு, “வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்” என்றே ஊர் சொன்னது. வீட்டில் பீடி சுற்றுவோரை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் என ஏற்றது. வீட்டுவழித் தொழிலாளரைப் பிற தொழிலாளருக்கு இணையாக நடத்த வேண்டும் என்னும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல்தான் நிறைவேற்றியது.

ஆகவே அவள் ஒரு தாளில் கேள்விகளை எழுதினாள். சம்பளம், வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, பதவி உயர்வு ஆகியவை மாறாமல் இருக்குமா? அதை எழுத்தில் தருவார்களா? வாடகை மிச்சமாகும், ஆனால் பழைய வரிமுறையில் இருப்போர் வாடகை செலுத்தாவிடில் வீட்டு வாடகைப்படிக்கான விலக்கை இழப்பர். அதைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? மின்சாரமும் இணையமும் நின்றால் மாற்று வழி என்ன? கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா? அலுவல் நேரத்தில் அம்மாவுக்கு யார் துணை?

கடைசிக் கேள்வியே கடினமானது. வீட்டில் இருப்பதும் பணிவிடை செய்வதும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முனைந்தால் இரண்டிலும் குறை வரும். குறை வரும் இடத்தில் சினம் வரும். பகலில் உதவிக்கு ஒருவரை அமர்த்தவும், ஆறு மாதம் பார்த்தபின் உறுதி செய்யவும் அவள் எண்ணினாள். காலை பத்து முதல் மாலை ஏழு வரை தன் அறைக்கதவு சாத்தியிருக்கும் என்று தாயிடம் சொல்லத்தான் நா எழவில்லை. ஒருநாள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

தாய் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “செண்பகவல்லி சந்நிதியிலயே உச்சிக்காலம் முடிஞ்சா நடை சாத்துறாங்க. அதுக்காக அம்பாள் நம்மளக் கைவிட்டுட்டான்னா நெனைக்கோம்? சாயங்காலம் தொறக்கும்னு தெரியுமே.”

அந்தச் சொல்லில் முழு வழியும் இருக்கிறது. பூவனநாதர் திருக்கோயிலில் ஒவ்வொரு பூசைக்கும் உரிய காலம் உண்டு. திறக்கும் நேரம் உறுதியாகத் தெரிவதால் அடியார் மனம் கலங்குவதில்லை. வீட்டிலும் அவ்வாறே, சாத்திய கதவு சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். ஏழு மணி கடந்தும் கணினி ஒளிருமானால், ஆச்சியின் திண்ணை திரும்ப வந்துவிட்டது என்று பொருள்.

நேச நாயனாரின் தொழில் நெசவு. மனத்தை அரன் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியார்க்கும் அவர் உரியதாக்கினார் என்கிறார் சேக்கிழார். தொழிலை விடாமலே மூன்றுக்கும் உரிய இடத்தை அவர் வகுத்தார். வீட்டிலிருந்து பணியாற்றலாமா என்று ஆராயும் குடும்பம், சம்பளக் கணக்கோடு இதையும் கேட்டுப் பார்க்கலாம்: அலுவலுக்கும், வீட்டாருக்கும், இறைவனுக்கும் அந்த வீட்டில் தனித்தனியே நேரம் இருக்கிறதா? இருக்குமாயின் தயங்க வேண்டியதில்லை. இல்லையெனில், தொலைவில் பணிபுரிந்து வாரந்தோறும் முகமலர்ச்சியோடு வந்து போவதும் பெற்றோருக்குச் செய்யும் தொண்டே.