சாயமும் மெருகும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எழுதுகோலைப் பற்றியே எழுதலாமெனத் துணிந்தேன். எழுதுவதிலும் பார்க்க எழுதுகோல் செய்வதிலேயே இன்று என் பொழுது கழிகின்றது.

1972 ஆம் ஆண்டில் எங்கள் மரவேலை ஆசிரியர் கற்பித்த கடைசல் தொழில், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் எனக்குத் துணையாயிற்று. மரத்துண்டைத் துளைத்துப் பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, கடைசற் பொறியிற் சுழலவிட்டு உளி பிடித்தால் விரைவிலேயே பேனா உருப்பெற்றுவிடும். அருமையான பகுதி அதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

வெளிறிய மரத்தைக் கறுப்பாக்கப் பழைய முறையொன்றுண்டு. கடுக்காய்க் கஷாயத்தைப் பூசி உலரவிட்டு, இரும்பாணிகள் ஊறிய வினாகிரியை அதன்மேல் தடவினால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்முன்னே மரம் கறுக்கும். முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை கூட்டியதும் இவ்விதியாலேயே.

ஆசிரியர் ஆயிரம் பிறை கண்ட ஆண்டில் அவருக்கொரு கருங்காலிப் பேனா அளிக்க விரும்பினேன். கருங்காலி கிடைக்கவில்லை. வேம்பைக் கறுப்பாக்கி, அரக்கு மெருகை ஒருமுறை மட்டும் பூசி, "கருங்காலி, ஐயா" என்று கொடுத்தேன். அவர் அதனை உள்ளங்கையில் வைத்துச் சற்றே தூக்கிப் பார்த்தார், புன்னகைத்தார், ஒன்றும் கூறவில்லை.

ஒரு மாதத்தின் பின் அவரைக் காணச் சென்றேன். அவருடைய விரல்கள் கறுத்திருந்தன. பேனாவைப் பிடிக்கும் இடத்தில் வேம்பின் செம்மை தெரிந்தது. சாயம் வெளுத்துப்போதல் என்னும் வழக்கின் பொருளை அன்றே அறிந்தேன்.

"தந்த அன்றே பாரத்தில் தெரிந்தது, தம்பி. வேம்பென்று சொல்லித் தந்திருந்தாலும் சந்தோஷமாக வாங்கியிருப்பேனே" என்றார். கடிந்த சொல் ஒன்றுமில்லை. அதுவே என்னைச் சுட்டது.

நிறமேற்றுமுன் மரத்தை நீரால் நனைத்து, எழும்பும் சிலும்பை நுண்ணிய அரத்தாளால் தேய்த்திருக்க வேண்டும். கறுத்தபின் ஒட்டாது நிற்கும் கரியைக் கழுவித் துடைத்து, முற்றாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்பிரிற்றிற் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடவேண்டும். ஒன்று காய்ந்தபின்னரே மற்றது. அவ்வாறிட்டாலும் அரக்கு கைவியர்வையால் நாளடைவில் மங்கும். இக்காலத்துச் சயனோவக்கிரிலேற்றுப் பசைப்பூச்சு அதனிலும் உறுதியானது. மாத்தளைப் பகுதியின் ஹப்புவிடக் கிராமத்துக் கலைஞர் வண்ண அரக்கை இழையாக நீட்டி, நகத்தினாலேயே மரத்திற் பதிக்கின்றனர். அத்தகைய பொறுமைக்குரிய தொழில் இது. நானோ அவசரத்தின்மேற் பொய்யையும் பூசியிருந்தேன்.

அடுத்த முறை சாயமின்றி, வேம்பின் இயல்பான நிறத்தோடு, பல நாள் மெருகிட்ட பேனாவொன்றைக் கொடுத்தேன். ஐயா இன்றில்லை. இறுதிவரை அதனைச் சட்டைப்பையில் வைத்திருந்தாரென அவருடைய மகள் கூறினார்.

இன்றும் நான் மரத்துக்குச் சாயமிடுகின்றேன். அழகு செய்தல் குற்றமன்று. ஆயினும் எவருக்குப் பேனா கொடுத்தாலும், இன்ன மரம், இன்ன சாயம் என எழுதிய துண்டொன்றை அதனோடு வைக்கத் தவறுவதில்லை. கல்லூரியை விட்டு நீங்கி நெடுங்காலம் சென்றபின் ஐயாவிடம் நான் கற்ற கடைசிப் பாடம் அது.