பெயர் தெரியாமல் போனால்

ஜேர்மனியில் ஒரு நிறுவனத்தில் ஹடூப் கணினித் தொகுதியைப் பராமரிக்கிறது என்ர வேலை. பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி, வழமையாக ஒரு துண்டு 128 மெகாபைட், பல கணினிகளில் பரப்பி வைக்கும் ஏற்பாடு அது.

துண்டுகள் கிடப்பது டேட்டாநோட் கணினிகளில். எந்தக் கோப்பின் துண்டு எங்கே என்று தெரிந்தது நேம்நோட்டுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியல் முழுவதையும் அது தன் ராமில் வைத்திருக்கும். கோப்புகள் கோடிக்கணக்கில் பெருகினால், டிஸ்க்கில் இடமிருந்தாலும் ராம் போதாது. அதற்காக 2011இல் வந்த 0.23 பதிப்பில் 'ஃபெடரேஷன்' சேர்த்தார்கள். நேம்நோட் இரண்டு, பெயர்வெளியும் இரண்டு. டேட்டாநோட்கள் மட்டும் பொது. இரண்டின் பெயரையும் கன்ஃபிக் கோப்பில் எழுதி, புதியதை ஃபோர்மட் பண்ணும்போது பழையதின் கிளஸ்டர் ஐடியையே கொடுக்க வேணும். இல்லாவிட்டால் டேட்டாநோட்கள் அதை ஏற்காது.

இந்த வேலை நடந்த கிழமைதான் மகளின் கின்டர்கார்டனில் ஒருவர் சொன்னார்: "வீட்டிலும் டொச்சே கதையுங்கோ, பிள்ளை குழம்பிவிடுவாள்." உங்களில் பலர் கேட்ட வசனம்தான். எனக்கு அந்தப் பயமில்லை. இரண்டாவது நேம்நோட் முதலாவதின் ராமைப் பிடுங்குவதில்லை. தனக்கென்று ஒன்றைக் கொண்டுவருகிறது.

என்ர கவலை வேறு. ஃபெடரேஷனில் ஒரு நேம்நோட் மற்றதின் பட்டியலை வைத்திருக்காது. அதற்கு மாற்று நேம்நோட் இல்லாமல் அது நின்றுபோனால், துண்டுகள் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் சொல்லி எடுக்க ஆளில்லை.

அம்மம்மா தமிழில் கேட்பதெல்லாம் விளங்கி, டொச்சில் பதில் சொல்கிற பிள்ளைகளை எங்கட வீடுகளில் பார்க்கிறோமே, அதுதான் இது. உள்ளே தமிழ் இருக்கு. வாய்க்கு வர வழிதான் அடைபட்டிருக்கு.

பிள்ளை இயந்திரமில்லை, தெரியும். இயந்திரத்தில் இரண்டு பெயர்வெளிகளும் ஒன்றோடொன்று பேசாது. பிள்ளையோ ஒரே வசனத்தில் இரண்டையும் கலந்து கதைக்கும். அதைத் திருத்தத் தேவையில்லை.

ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மட்டும் காணாது. கிழமையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடுகிற நேம்நோட்டை யாரும் நம்புவதில்லை. சோறு போடும்போது, சப்பாத்துக் கட்டும்போது, சண்டை பிடிக்கும்போதும் தமிழில் கதையுங்கோ. பதில் டொச்சில் வந்தாலும் நிறுத்தாதேங்கோ.