காத்ரஜ் முதல் கடி மெஷின் வரை

புனே நகரின் தெற்கே, காத்ரஜ் நாற்சந்தியினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் கடந்து கோந்த்வாவின் ‘கடி மெஷின்’ நாற்சந்தியை அடைகின்றது. ஆங்கிலப் பலகையைப் படித்துவிட்டு அங்கே காதித் துணி நெய்கிறார்கள் போலும் என்று எண்ணும் நம்மவர் உண்டு. மராத்தியில் ‘கடி’ என்பது சாலைக்கு இடும் உடைகல். கல்லுடைக்கும் எந்திரத்தால் வந்த பெயர் அது. கோந்த்வாவும் இரண்டு: குர்த் என்பது சிறியது, புத்ருக் என்பது பெரியது.

1997-ஆம் ஆண்டு நகர எல்லை விரிந்தபோது மாநகராட்சியுள் வந்த இவ்வூரில், மும்பை–பெங்களூர் நெடுஞ்சாலையினின்று சோலாப்பூர்ச் சாலைக்குச் செல்லும் பாரவண்டிகளும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டர்களும் ஒரே நெரிசலில் செல்கின்றன. உயிர்ப்பலிகள் பல நேர்ந்துள்ளன. சாலை அகலவேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

வரைபடத்தில் குறித்த அகலமோ 84 மீட்டர். இரயில்வே எழுத்தனாகிய எனக்கு அகலம் என்றால் ஐந்தடி ஆறங்குலந்தான். இவ்வளவு பெரிய அளவு மலைப்பைத் தருகிறது! 2018-இல் பணி தொடங்கியது. நிலத்திற்கு ஈடாக வேறிடத்தில் கட்டும் உரிமைச் சான்றான டி.டி.ஆர். தருவதாக மாநகராட்சி கூறிற்று. உடைமையாளர் பலர் ரொக்கமே கேட்டனர். நிலவிலையைத் தாங்கவியலாமல் முதற்கண் 50 மீட்டர் போதுமெனப் பின்னர் முடிவாயிற்று.

அகலத்திற்கும் கட்டடத்திற்கும் உள்ள தொடர்பை நாம் அறிதல் நன்று. 2020 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட ஒருங்கிணைந்த விதிகளின்படி, ஆயிரம் சதுர அடி மனையில் அடிப்படையாக 1,100 சதுர அடி கட்டலாம். சாலை 30 மீட்டரோ மேலோ அகன்றதாயின், அரசுக்குக் கட்டணம் செலுத்தியும் டி.டி.ஆர். வாங்கியும் பொதுவாக 3,000 வரை உயர்த்தலாம். ஆதலால் முன்வரிசைக் கடைகளை இடித்துக் கொடுப்பவர்க்குப் பின்புறம் பன்மாடி எழும்ப வழியுண்டு.

அக்கடைகளில் இருப்பவர் யாவர்? இட்லிக் கடை, மளிகை, தையல் என்று வாடகைக்கு இடம்பிடித்த நம் போன்றோரே. டி.டி.ஆர். உடைமையாளர்க்கு உரியது, வாடகையாளர்க்கு அதில் பங்கில்லை. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், மூன்றாண்டு அங்கேயே பிழைத்த குடிவாரத்தினரையும் பாதிப்புற்ற குடும்பமாகக் கருதுகின்றது. ஆனால் இங்கே வழங்குவது பெரும்பாலும் ‘லீவ் அண்டு லைசென்ஸ்’ ஒப்பந்தம். அது இருக்க இசைவு தருவதேயன்றிக் குடிவார உரிமை தருவதன்று. உடைமையாளர் மனமொப்பி நிலத்தைக் கொடுத்துவிட்டால் நாம் எதைக் காட்டிக் கேட்பது? விதிகளை அடுத்தமுறை திருத்துங்கால், புதுக் கட்டடத்தில் பழைய கடைக்காரர்க்கு முதலுரிமை சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அகலத்தை மீட்டரில் அளந்தவர்கள் இதையும் அளந்திருக்கலாம்.

அதுவரை, இச்சாலையில் கடை பிடிக்க விரும்பும் அன்பர்கள் டெபாசிட் கொடுக்குமுன் மாநகராட்சியில் ‘ஸோன் தாக்கலா’ பெற்று, கடையின் முகப்பு சாலைக்கோட்டிற்கு உள்ளா வெளியா என்று பார்த்துக்கொள்க. விண்ணப்பத்தில் சர்வே எண் குறிக்கவேண்டும். அது உடைமையாளரின் ‘சாத்-பாரா’ நிலஏட்டில் இருக்கும். கேட்டு வாங்கத் தயங்கவேண்டா.